பிஏ-2: வானம் பார்க்காத ஒரு வணிக ராக்கெட் உருவான விதம்

டெக்சாஸ் மாநிலத்து வங்கி உரிமையாளர் ஆண்ட்ரூ பீல் 1997-ல் ஒரு ராக்கெட் நிறுவனத்தைத் தொடங்கினார். தனியார் செயற்கைக்கோள்களைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் பெரிய ராக்கெட் ஒன்றை அரசின் நிதியை எதிர்பாராமல் சொந்தப் பணத்தில் கட்டுவதுதான் அவருடைய திட்டம். ராக்கெட்டின் பெயர் பிஏ-2. நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 2000 அக்டோபர் 23 அன்று, அவரே நிறுவனத்தை மூடினார். அதற்குள் சுமார் 200 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். அப்பல்லோ காலத்துக்குப் பிறகு அமெரிக்கா உருவாக்கியிராத அளவுக்குப் பெரிய திரவ எரிபொருள் எஞ்சின் ஒன்று எரிந்து காட்டியும் இருந்தது. ராக்கெட் மட்டும் ஒரு முறைகூடத் தரையை விட்டு எழும்பவில்லை.

பீல் எண்களோடு பழகியவர். கணிதத்தில் தீராத ஆர்வம் கொண்டு, இன்று அவர் பெயரால் ‘பீல் அனுமானம்’ என்று வழங்கும் எண்கோட்பாட்டுக் கணக்கை 1993-ல் உருவாக்கியவர். அதை நிரூபிப்பவருக்கோ மறுப்பவருக்கோ தருவதாக 1997-ல் அறிவித்த பரிசு பின்னர் 10 லட்சம் டாலராக உயர்ந்தது. கணக்கு இன்னும் தீரவில்லை. பரிசை அறிவித்த அதே ஆண்டில் தொடங்கிய ராக்கெட் வேலையையும் அவர் ஒரு கணக்காகவே அணுகினார். ஒவ்வொரு படியிலும் விலையைக் குறைக்கும் விடை எது என்று தேடினார். ஒரு ராக்கெட் எப்படி உருவாகிறது, எந்தப் படியில் நின்றுபோகிறது என்பதைக் கற்க இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. படிகளை வரிசையாகவே பார்ப்போம்.

முதல் படி: சுமையை முடிவு செய்தல்

ராக்கெட்டின் வடிவமைப்பு எஞ்சினில் தொடங்குவதில்லை, சுமையில் தொடங்குகிறது. எத்தனை டன்னை எந்தச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது முடிவானால்தான் மற்ற எண்கள் பின்னோக்கி வரும். சுமையிலிருந்து கடைசி நிலையின் எடை, அதிலிருந்து அதற்குக் கீழுள்ள நிலையின் எடை, கடைசியில் தரையில் நிற்கும் மொத்த எடையும் அதைத் தூக்க வேண்டிய உந்துவிசையும் கிடைக்கும்.

1990-களின் பிற்பகுதியில் சுமைக்குப் பஞ்சம் வராது என்று எல்லோரும் நம்பினார்கள். 66 செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதும் கைப்பேசிச் சேவை தர இரிடியம் கிளம்பியது. அதன் பின்னால் குளோபல்ஸ்டார். நூற்றுக்கணக்கான செயற்கைக்கோள்களால் இணையம் தருவோம் என்றது டெலிடெசிக். இன்னொரு பக்கம், தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகப் பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போயின.

பீல் முதலில் நினைத்தது பிஏ-1 என்ற சிறிய ராக்கெட்டை. சந்தை கனமான செயற்கைக்கோள் பக்கம் சாய்வதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு பிஏ-2-க்குத் தாவினார். தாழ்ந்த சுற்றுப்பாதைக்குச் சுமார் 17 டன், புவிநிலைக்குப் போகும் வழியிலுள்ள மாற்றுப்பாதைக்கு 5 டன்னுக்கு மேல் என்பது அதன் இலக்கு. மூன்று நிலைகள், 70 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 6 மீட்டர் விட்டம். சிறியதைச் செய்து பழகிப் பெரியதுக்கு ஏறும் வழக்கமான பாதையை இந்த முடிவு மூடிவிட்டது. இனி எல்லாமே முதல் முயற்சியிலேயே பெரிதாக இருந்தாக வேண்டும்.

இரண்டாம் படி: எதை எரிப்பது

விண்ணில் காற்றில்லை. அதனால் எரிபொருளோடு அதை எரிக்கும் ஆக்சிஜனையும் ராக்கெட் சுமந்துபோக வேண்டும். வழக்கமான தேர்வு திரவ ஆக்சிஜன். அதைச் சுழியத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்தால்தான் திரவமாக இருக்கும். குழாய், வால்வு, தொட்டி எல்லாம் அந்தக் குளிரைத் தாங்க வேண்டும். ஏவும் நாளில் நிரப்ப வேண்டும். ஏவுதல் தள்ளிப்போனால் ஆவியாகிக் குறைந்ததை மீண்டும் நிரப்ப வேண்டும்.

பீல் தேர்ந்தெடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குகிறோமே, அதே பொருள்தான். அந்தப் புட்டியில் இருப்பது 3 சதவீதக் கரைசல். ராக்கெட்டுக்குத் தேவை 90 சதவீதம். அந்தச் செறிவில் அது சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும்; குளிர்சாதனம் வேண்டாம். வெள்ளி போன்ற வினையூக்கி ஒன்றின் மேல் பட்டதும் நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து 700 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்த வெப்பத்தில் மண்ணெண்ணெயைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

இது பரீட்சிக்கப்படாத வித்தை அல்ல. பிரிட்டனின் பிளாக் ஏரோ ராக்கெட் பெராக்சைடையும் மண்ணெண்ணெயையும் எரித்துத்தான் 1971 அக்டோபர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்து புராஸ்பெரோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாகப் பிரிட்டிஷ் அரசு அதற்குச் சில மாதங்கள் முன்பே அறிவித்திருந்தது.

பெராக்சைடுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, ஒரு கிலோ எரிபொருள் கலவையிலிருந்து கிடைக்கும் உந்துதல், திரவ ஆக்சிஜன்–மண்ணெண்ணெய் ஜோடியைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இரண்டாவது, சுத்தம். துருவோ கொழுப்போ பொருந்தாத உலோகமோ பட்டால் பெராக்சைடு தொட்டிக்குள்ளேயே பிரியத் தொடங்கும். பிரியும்போது வரும் சூடு பிரிதலை இன்னும் வேகப்படுத்தும். 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் 118 பேரோடு மூழ்கியது. அதற்குக் காரணம் ஒரு டார்பிடோவில் இருந்த இதே செறிவான பெராக்சைடு என்று விசாரணை பின்னர் சொன்னது. இந்தத் திரவத்தைக் கையாளுபவர்கள் ஒவ்வொரு குழாயையும் கழுவி, அமிலத்தில் பதப்படுத்தி, நாள்கணக்கில் கண்காணித்த பிறகே உள்ளே விடுவார்கள்.

மூன்றாம் படி: பம்பை நீக்குதல்

திரவ எரிபொருள் ராக்கெட்டில் அதிக விலையும் அதிகத் தொல்லையும் தரும் உறுப்பு டர்போபம்ப். விநாடிக்கு டன் கணக்கில் திரவத்தை இழுத்து, எரியறையில் இருக்கும் அழுத்தத்தை மீறி உள்ளே தள்ள வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழலும். ஒரு பக்கம் கொதிக்கும் வாயு, சில அங்குலம் தள்ளிக் குளிர்ந்த திரவம். இதை உருவாக்கத் தனியாக ஒரு பட்டாளமும் பல ஆண்டுகளும் வேண்டும்.

பீல் பம்பே வேண்டாம் என்று முடிவெடுத்தார். நம் வீடுகளில் இருந்த பித்தளைப் பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொண்டால் போதும். தொட்டிக்குள் காற்றை அடைத்தால் அந்த அழுத்தமே மண்ணெண்ணெயை மேலே தள்ளிவிடும். வேறு இயந்திரம் எதுவும் வேண்டாம். ராக்கெட்டிலும் அதுவேதான். மேலிருந்து வாயு தொட்டியை அழுத்த, திரவம் எரியறைக்குப் போய்ச் சேரும். வால்வு திறந்தால் எரியும், மூடினால் அணையும்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பம்ப் உள்ள ராக்கெட்டில் தொட்டிக்குள் சில வளிமண்டல அழுத்தம் மட்டுமே இருக்கும்; சுவர் மெல்லியதாக இருக்கலாம். பம்ப் இல்லாவிட்டால் எரியறையின் அழுத்தத்தைவிடத் தொட்டியின் அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். சுவர் கனமாகும். தொட்டியின் விட்டம் கூடக் கூடச் சுவரின் தடிமனும் கூடிக்கொண்டே போகும். ஆகவே எரியறையின் அழுத்தத்தையும் ஓர் அளவுக்கு மேல் உயர்த்த முடியாது. குறைந்த அழுத்தத்தில் அதே உந்துவிசை வேண்டுமென்றால் எஞ்சின் உருவத்தில் பெருக்க வேண்டும்.

இங்கேதான் முந்தைய படியின் முடிவு கைகொடுத்தது. பெராக்சைடு தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு அடர்த்தியானது. ஒரு பங்கு மண்ணெண்ணெய்க்கு ஏழு பங்கு பெராக்சைடு செலவாகும் என்பதால், சுமந்துபோகும் திரவத்தில் பெரும்பகுதி அடர்த்தியானதுதான். அடர்த்தி கூடினால் தொட்டி சிறுக்கும். தொட்டி சிறுத்தால் தடித்த சுவரின் எடையும் கட்டுக்குள் இருக்கும். உந்துதலில் இழந்ததில் ஒரு பகுதியைக் கொள்ளளவில் மீட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டாம் தரமாகத் தோன்றும் இரண்டு தேர்வுகள் ஒன்றை ஒன்று தாங்கிப் பிடித்த இடம் இது. இந்தப் பொருத்தத்தைக் கண்டறிந்ததற்காகவே அந்தப் பொறியாளர்களை மெச்ச வேண்டும்.

நான்காம் படி: உடலைக் கட்டுதல்

தடித்த சுவரை உலோகத்தில் செய்தால் எடை தாங்காது. ஆகவே பீல் நிறுவனம் கார்பன் இழைக்குப் போனது. டல்லஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ ஊரில் இருந்த அவர்கள் தொழிற்கூடத்தின் முக்கிய வேலை இதுதான்.

செய்முறை இப்படி: தொட்டியின் வடிவில் ஓர் அச்சு மெதுவாகச் சுழலும். பிசினில் நனைந்த இழைகளை ஒரு நகரும் கை அச்சின் மேல் சாய்கோணத்தில் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போகும். சில அடுக்குகள் குறுக்கே, சில நெடுக்கே. உள்ளழுத்தம் ஓர் உருளையை நீளவாக்கில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு சுற்றுவாக்கில் இழுக்கும். எந்தத் திசையில் எத்தனை அடுக்கு என்பது அந்தக் கணக்கில் தீர்மானமாகும். சுற்றி முடித்ததும் சூடேற்றி இறுக வைத்து, அச்சை வெளியே எடுப்பார்கள்.

எஞ்சினிலும் இதே சிக்கன புத்திதான். வழக்கமான பெரிய எஞ்சின்களில், எரிந்த வாயு வெளியேறும் நாசிலின் சுவருக்குள் நூற்றுக்கணக்கான நுண்குழாய்களை ஓட்டி, எரிபொருளைச் சுற்றவிட்டுக் குளிர்விப்பார்கள். பிஏ-2-வின் நாசில் உட்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி உதிர்ந்து, வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்லும் வகை. ஒரே ஒரு பயணம் போகும் எஞ்சினுக்கு அது போதும். ராக்கெட்டைத் திருப்ப எஞ்சினையே அசைக்கும் கனத்த பொறியையும் விட்டுவிட்டார்கள். நாசிலின் ஒரு பக்கச் சுவரிலிருந்து பெராக்சைடைப் பீய்ச்சினால் உள்ளே பாயும் தீச்சுவாலை மறுபக்கம் சாயும், ராக்கெட் திரும்பும். எதைச் சேர்க்கலாம் என்று கேட்பதைவிட எதை எடுத்துவிடலாம் என்று கேட்டுக்கேட்டு உருவான வடிவமைப்பு இது.

ஐந்தாம் படி: கட்டிவைத்து எரித்துப் பார்த்தல்

காகிதத்தில் இருக்கும் எஞ்சினை நம்ப முடியாது. அதை அசையாமல் பிணைத்து எரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு பீல் தேர்ந்தெடுத்த இடம் டெக்சாஸின் மெக்கிரகர். இரண்டாம் உலகப்போரில் வெடிகுண்டு தயாரிக்கக் கட்டிய ஆலை நிலம் அது. பிறகு பல ஆண்டுகள் திட எரிபொருள் ராக்கெட் மோட்டார்கள் அங்கே தயாராயின. சத்தத்துக்குப் பழகிய ஊர், சுற்றிலும் வெட்டவெளி.

சோதனைகள் சிறிய எஞ்சினில் தொடங்கிப் பெரிதை நோக்கி ஏறின. இரண்டாம் நிலைக்கான பிஏ-810 எஞ்சினின் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: 8,10,000 பவுண்டு, அதாவது சுமார் 367 டன் உந்துவிசை. இப்படிப்பட்ட சோதனை நாளில் தீ எரியும் நேரம் விநாடிக் கணக்கு, ஆயத்தம்தான் மணிக்கணக்கு. முதலில் தொட்டிகளில் திரவத்தை நிரப்ப வேண்டும். பெராக்சைடு தொட்டியின் வெப்பமானியிலிருந்து ஒருவர் கண்ணை எடுக்கக் கூடாது. காரணமில்லாமல் ஒரு டிகிரி ஏறினாலும் உள்ளே ஏதோ பிரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் பாதுகாப்பு அறைக்குத் திரும்பிய பிறகே தொட்டிக்கு அழுத்தம் ஏற்றுவார்கள். பிறகு வால்வுகள் குறித்த வரிசையில் திறக்க வேண்டும். ஒன்று நொடியின் சிறு பகுதி முந்திக்கொண்டால்கூட எரியறையில் தேங்கிய கலவை மொத்தமாக வெடிக்கும்.

2000 மார்ச் 4 அன்று பிஏ-810 எரிந்தது. நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினுக்குப் பிறகு அமெரிக்காவில் உருவான திரவ எரிபொருள் எஞ்சின்களில் அதுவே பெரியது. எஃப்-1 உருவான காலத்தில் அரசு முழுமூச்சாகப் பின்னால் நின்றது. இங்கே நின்றது ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்கு. மூன்றே ஆண்டில் இந்த இடத்தை எட்டியது பெரிய சாதனை. அதைத் தோல்வியின் கதைக்குள் புதைத்துவிடக் கூடாது.

ஆனால் அது இரண்டாம் நிலையின் எஞ்சின். முதல் நிலைக்கு வேண்டியது அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு: 32 லட்சம் பவுண்டு. எஃப்-1-ஐப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எஞ்சின் பெருக்கும்போது எரியறைக்குள் தீ ஒரே சீராக எரியாமல் அலையடிக்கும் ஆபத்தும் பெருகும். எஃப்-1-ல் இந்தக் கோளாறை அடக்க, எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் வேண்டுமென்றே சிறு குண்டுகளை வெடிக்க வைத்து, கிளம்பிய அலை எத்தனை விரைவில் அடங்குகிறது என்று பார்த்தார்கள். அதற்கு முழு அளவு எஞ்சினில் சுமார் 2,000 சோதனைகள் தேவைப்பட்டன. பீலின் பொறியாளர்கள் இந்த மலையை இன்னும் ஏறத் தொடங்கவில்லை. முதல் நிலையை எரித்துப் பார்ப்பதற்கான மூன்று கால்கள் கொண்ட பிரம்மாண்டமான கான்கிரீட் தாங்கி மெக்கிரகரில் எழும்பியிருந்தது. அதில் நிற்க வேண்டிய எஞ்சின் வரவே இல்லை.

ஆறாம் படி: ஏவும் இடம் தேடுதல்

இதுவரை சொன்ன படிகள் தொழிற்கூடத்துக்குள் நடப்பவை. அங்கே பணமும் மூளையும் உழைப்பும் இருந்தால் வழி பிறக்கும். ஆறாம் படியில் மற்றவர்களின் நிலமும் வாழ்வும் குறுக்கிடுகின்றன.

புவிநிலைச் செயற்கைக்கோளை ஏவ, பூமத்திய ரேகைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. ரேகையில் பூமியின் தரையே விநாடிக்குச் சுமார் 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. அந்த வேகம் ராக்கெட்டுக்கு இலவசம். ரேகையிலிருந்து விலகி ஏவினால், சாய்ந்திருக்கும் சுற்றுப்பாதையை நேராக்கச் செயற்கைக்கோள் தன் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும். ஐரோப்பாவின் ஏரியான் ராக்கெட், ரேகைக்கு 5 டிகிரி வடக்கே உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து பறந்ததால் பெற்ற சாதகம் இது. அதோடு கிழக்கே திறந்த கடலும் வேண்டும். கழன்று விழும் நிலைகள் யார் தலையிலும் விழக் கூடாது.

பீல் முதலில் பார்த்தது கரீபியனில் உள்ள சொம்பரேரோ தீவை. பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் ஆங்குவிலாவுக்குச் சொந்தமானது. மொத்தம் சுமார் 38 ஹெக்டேர். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறை. கரையேற மணல் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் உரத்துக்காகப் பாஸ்பேட்டை வெட்டியெடுத்ததில் மேற்பரப்பெல்லாம் குழியும் பிளவுமாகக் கிடக்கிறது. ஒரு கலங்கரை விளக்கம் தவிர ஆள் வாசமில்லை. வரைபடத்தில் பார்ப்பவருக்கு ராக்கெட்டுக்கென்றே வைத்த பாறை என்று தோன்றும்.

அந்தப் பாறையில் குடியிருப்போர் இருந்தார்கள். குழிகளிலும் பிளவுகளிலும் ஓடும் கருநிறப் பல்லியினம் ஒன்று உலகில் வேறெங்கும் கிடையாது. பூபி, ஆலா போன்ற கடற்பறவைகள் அந்த வெறும் பாறை மேல்தான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. பூனையோ மனிதனோ தொல்லை தராத இடம் அவற்றுக்கு அந்தக் கடலில் அரிது. பிரிட்டனின் பறவைப் பாதுகாப்பு அமைப்பினரும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். ஏவுமேடை, எரிபொருள் கிடங்கு, இறங்குதுறை எல்லாம் கட்டினால் 38 ஹெக்டேரில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி நியாயமானது. பெரும் புயல்களில் அலைகள் தீவின் மேலேயே ஏறி வந்துவிடும் என்ற தொழில்நுட்பச் சிக்கலும் இருந்தது. சுற்றுச்சூழல் ஆய்வும் விவாதமும் நீண்டன. பாகங்களைப் பொருத்தும் ஆலைக்காக அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் குரோயில் பார்த்த இடமும், பொது நிலத்தைக் கைமாற்றுவதை எதிர்த்த வழக்கில் சிக்கியது.

அடுத்துப் போனது தென்னமெரிக்காவின் கயானாவுக்கு. ரேகைக்குச் சுமார் 8 டிகிரி வடக்கே, வடமேற்குக் கரையோரத்தில் வைனி பகுதி. 2000 மே மாதத்தில் ஜனாதிபதி பரத் ஜக்தேவின் அரசு பீலோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏழை நாட்டுக்கு வேலையும் வருமானமும் வரும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. ஆனால் அந்த நிலம் எசெக்கிபோ பிரதேசத்தில் இருந்தது. கயானாவின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கான அந்தப் பிரதேசம் தன்னுடையது என்று வெனிசுவேலா பல பத்தாண்டுகளாக உரிமை கோரிவருகிறது. ஒப்பந்தத்தை அது உடனே எதிர்த்தது. ஒரு ராக்கெட்டின் பெயரில் அங்கே அமெரிக்கா காலூன்றுகிறது என்ற சந்தேகமும் எழுந்தது.

ஏழாம் படி: அரசின் கையெழுத்து

செயற்கைக்கோளைத் தூக்கும் ராக்கெட் அணுகுண்டையும் தூக்கும். அதனால் அமெரிக்கச் சட்டப்படி ராக்கெட் ஓர் ஆயுதத் தளவாடம். அதன் வரைபடத்தை ஒரு வெளிநாட்டவரிடம் காட்டுவதுகூட ஏற்றுமதிதான். வெளியுறவுத் துறையின் உரிமம் வேண்டும். முழு ராக்கெட்டையும் வெளிநாட்டு மண்ணுக்குக் கொண்டுபோய் நிறுத்துவதென்றால் பாதுகாவல் உறுதிமொழிகளும் இரு நாட்டு உடன்பாடும் தேவை. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவாமல் தடுக்கும் சர்வதேச ஏற்பாடுகளும் இதில் குறுக்கிடும். இத்தனையும் என்றைக்கு முடியும் என்பது பீலின் கையில் இல்லை. மாதம் தவறாமல் 200 பேருக்குச் சம்பளம் கொடுப்பது மட்டும் அவர் கையில் இருந்தது.

எட்டாம் படி: கணக்கை மறுபடி போடுதல்

பெரிய திட்டம் எதுவானாலும், தொடங்கியபோது போட்ட கணக்கு இன்னும் சரிதானா என்று இடையிடையே பார்க்க வேண்டும். 2000-ல் பீல் அப்படிப் பார்த்தபோது பல எண்கள் மாறியிருந்தன.

சந்தை சரிந்திருந்தது. இரிடியம் 1999 ஆகஸ்டிலேயே திவால் மனு கொடுத்துவிட்டது. போட்டியாளர்களோ அரசின் துணையோடு வந்தார்கள். புதிய ராக்கெட்டுகளை உருவாக்க போயிங்குக்கும் லாக்ஹீட் மார்ட்டினுக்கும் அமெரிக்க விமானப்படை 1998-ல் ஆளுக்கு 50 கோடி டாலர் வழங்கியது. டெல்டா 4, அட்லஸ் 5 பிறந்தது அப்படித்தான். இப்போது நாசாவும் அடுத்த தலைமுறை ராக்கெட்டுகளுக்கென ஒரு திட்டம் தீட்டி, முதல் ஆண்டுக்கு மட்டும் 29 கோடி டாலர் ஒதுக்கியது.

இந்த ஒதுக்கீட்டையே பீல் முக்கியக் காரணமாகச் சொல்லிக் கடையை மூடினார். அரசே சில ராக்கெட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கும்வரை சொந்தப் பணத்தில் வருபவன் தாக்குப்பிடிக்க முடியாது. கணினித் தொழில் பிறந்த காலத்தில் அரசு இரண்டொரு கணினிகளை மட்டும் பொறுக்கி ஊட்டி வளர்த்திருந்தால் அந்தத் தொழில் என்னவாகியிருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் அஞ்சிய நாசா திட்டம் ராக்கெட் எதையும் தராமல் 2002-ல் திருத்தியமைக்கப்பட்டது. டெல்டா 4-ம் அட்லஸ் 5-ம் வணிகச் சந்தையில் பெரிதாக எடுபடவில்லை. பெரும்பாலும் அமெரிக்க அரசின் செயற்கைக்கோள்களையே சுமந்தன.

பீலின் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. ஆனாலும் அது முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மானியமே இல்லாத உலகத்திலும் 32 லட்சம் பவுண்டு எஞ்சின் செய்யப்படாமல்தான் இருந்திருக்கும். ஏவும் நிலம் எல்லைத் தகராறில்தான் கிடந்திருக்கும். வாங்க வேண்டியவர்கள் திவாலாகித்தான் இருந்திருப்பார்கள்.

அதே நிலத்தில் வேறொருவர்

2002-ல் தொடங்கிய ஸ்பேஸ்எக்ஸ், பீல் விட்டுச்சென்ற மெக்கிரகர் சோதனைத் தளத்தைக் குத்தகைக்கு எடுத்தது. ஃபால்கன் 9-ன் முதல் நிலையை நிறுத்தி எரித்தது பிஏ-2-வுக்காக எழுந்த அந்த மூன்றுகால் தாங்கியில்தான். 2008 நவம்பரில் ஒன்பது எஞ்சின்களும் சேர்ந்து அங்கே 178 விநாடிகள், ஒரு முழுப் பயணத்துக்கான நேரம், எரிந்தன.

அதன் நிறுவனர் எலான் மஸ்க் ஒவ்வொரு படியையும் வேறுவிதமாகக் கடந்தார். முதலில் ஃபால்கன் 1 என்ற சிறிய ராக்கெட். மூன்று தோல்விக்குப் பிறகு 2008 செப்டம்பரில் அது சுற்றுப்பாதையை அடைந்தது. ஒரே ராட்சத எஞ்சினுக்குப் பதில் நடுத்தர எஞ்சின்கள் ஒன்பது. ஒன்றைச் சரியாகச் செய்யக் கற்றால் ஒன்பதையும் கற்றதாகும். பம்பின் தொல்லையை ஏற்றுக்கொண்டு, திரவ ஆக்சிஜனின் கூடுதல் உந்துதலைப் பெற்றார்கள். அரசிடமும் வேறு விதமாக நடந்தார்கள். 2004-ல் கிஸ்லர் என்ற இன்னொரு ராக்கெட் நிறுவனத்துக்கு நாசா போட்டியில்லாமல் ஒப்பந்தம் கொடுத்தபோது, ஸ்பேஸ்எக்ஸ் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பிடம் முறையிட்டது. நாசா அந்த ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றது. பிறகு திறந்த போட்டி வைத்து, குறித்த இலக்கை எட்டினால் குறித்த தொகை என்ற முறையில் 2006-ல் நாசா நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தபோது ஸ்பேஸ்எக்ஸும் தேர்வானது. பீல் எந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போனாரோ, அந்தக் கதவைத் தட்டித் திறக்க வைத்ததுதான் இரண்டாமவரின் வழி.

ஒரு வணிக ராக்கெட்டின் படிகளில் கடினமானவை கடைசியில் வருவதாகத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றை முதலிலேயே தொடங்க வேண்டும். ஏவும் நிலம் யாருடையது, அங்கே வாழ்பவை எவை, கையெழுத்திட வேண்டியவர் யார், சந்தை சாய்ந்தால் வாங்குபவர் யார் ஆகிய கேள்விகளுக்கு எஞ்சினின் முதல் வரைபடத்தோடு விடை தேடத் தொடங்கியிருந்தால், பிஏ-2 பறந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கே முட்டும் என்பதாவது மூன்று ஆண்டுகள் முன்னதாகத் தெரிந்திருக்கும். வேறு அளவில், வேறு இடத்தில், வேறு வழியில் தொடங்க அவகாசம் கிடைத்திருக்கும். அடுத்து ராக்கெட் கட்டப் புறப்படுபவர்கள், பீலின் பொறியாளர்களிடமிருந்து துணிவையும் எளிமையையும் கற்பதோடு, இந்த வரிசையையும் கற்றுக்கொள்ள வேண்டும்.